பட்டாளத்து முனிக்கு ஒரு பெயர் உண்டு

என் பெரியப்பா நல்லதம்பி ஒரு மனிதர். போருக்குப் போய்ச் செத்த அவரைச் சாமியாக்கி, கல்லில் மீசை வரைந்து, பெயரைப் பறித்துவிட்டார்கள். அந்தக் கோயிலுக்கு அடுத்த மாதம் குடமுழுக்கு. கல்லைச் சுற்றிப் பளிங்கு ஒட்டுவதற்குள் பெயரை வெட்ட வைத்துவிட வேண்டும் என்று போன சனிக்கிழமை கிளம்பினேன்.

மலாக்கா பேருந்து நிலையத்திலிருந்து அங்கே போக பஸ்ஸை நம்பாதீர்கள். வாடகைக் கார்தான் சரி. கட்டணம் இருபத்தைந்து வெள்ளி, அரை மணி நேரம். ஓட்டுநர் புக்கிட் காத்தில்காரர், நம் ஆள். இடத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

“பட்டாளத்து முனியா? பவரான சாமி அங்கிள். என் மச்சானுக்கு லாட்டரி நம்பர் கொடுத்துச்சு, மூணாவது பரிசு அடிச்சிச்சுலா.”

“அது சாமி இல்லை. என் பெரியப்பா.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “சொந்தக்காரருக்கே கொடுக்கலையா அங்கிள்?”

குருபோங் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது அவருக்குக் கதையைச் சொன்னேன்.

பெரியப்பா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து கோயில் இருக்கும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில், இந்தியாவின் விடுதலைக்கு ஆள் சேர்த்தபோது பெயர் கொடுத்தார். பர்மாவுக்கு ரயிலேற்றினார்கள். பின்வாங்கும் வழியில் காய்ச்சலில் இறந்தார் என்று, கூடப் போய்த் திரும்பியவர் வந்து சொன்னார். உடல் இல்லை. அதனால் என் அப்பா, அண்ணனுடைய பால் வெட்டும் கத்தியைப் புதைத்து அதன்மேல் ஒரு கல் நட்டார்.

விடியலில் வேலைக்குப் போனவர்கள் அங்கே சூடம் கொளுத்தினார்கள். பிறகு சிவப்புத் துணி வந்தது, சுருட்டு வந்தது, கடைசியில் கள்ளும் வந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் நின்று குடிகாரர்களைத் திட்டியவர் அவர். நான் போனபோது அவர் முன்னால் ஒரு பீர் போத்தல், மூடி திறந்தபடி.

கோயில் தலைவர் அதே தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பால் இல்லாத கோப்பி வாங்கிக் கொடுத்து, நான் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார்.

“செத்தவரு பேரையும் தேதியையும் கோயில்ல வெட்டினா தீட்டுண்ணே. சனங்க ஒத்துக்க மாட்டாங்க.”

“செத்தவரிடம் நம்பர் கேட்டால் மட்டும் தீட்டு இல்லையா?”

அவர் சிரிக்கவில்லை. எதிரே இருந்த லாரி நிறுத்தும் இடத்தைக் காட்டினார். “நம்ம சுடுகாடு அங்கதான் இருந்துச்சு. எங்க தாத்தா குழியும் அங்கதான். தோட்டத்த வித்தப்ப மண்ணு தள்ளுற மிஷின் வெச்சு ஒரே நாள்ல தள்ளிட்டாங்க. இந்தக் கல்லுகிட்ட வந்ததும், சாமின்னு சொன்னோம். மிஷின் ஓட்டுனவன் கும்பிட்டுட்டு ஒதுங்கிட்டான். மனுசன்னு சொல்லியிருந்தா இன்னிக்கு நீங்க யாரைத் தேடி வந்திருப்பீங்கண்ணே?”

மிஷின் வந்த கதை எனக்குத் தெரியாது. கல்லை அவர்கள்தான் காப்பாற்றினார்கள். அதற்குக் கை கூப்பினேன். ஆனால் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. கமிட்டியில் பேசுவதாகச் சொல்லி அனுப்பினார்.

போகிறவர்கள் மதியத்துக்கு முன் போங்கள், பிறகு நடை சாத்திவிடுவார்கள். நிழல் கிடையாது, குடை வேண்டும்.

இனி நடக்க வேண்டியவை. தலைவர், பளிங்கு ஒட்டுமுன் ‘நல்லதம்பி, பால்மரத் தொழிலாளி, போர்வீரர்’ என்று வெட்ட வேண்டும். இறந்த தேதி வேண்டாம். தீட்டு என்ற பேச்சுக்கு அந்த ஒன்றை விட்டுத் தருகிறேன். கமிட்டி போத்தலை எடுத்துவிட்டுக் கோப்பி வைக்க வேண்டும். என் பிள்ளைகள் குடமுழுக்கன்று வேலைக்கு லீவு போட்டு வந்து நிற்க வேண்டும். ஓட்டுநர்கள் இறக்கிவிடும்போது அவர் யார் என்று பயணிகளிடம் சொல்ல வேண்டும். நம்பர் கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.