அறுபத்திரண்டு மணி நேரம்

நாச்சாளைப் பிடிக்காமல் போவதற்கு ஒரு காரணம் போதாதா? அவளிடம் ஒன்பது இருந்தன. செல் வளர்க்கும் டிஷ்ஷைத் தூக்கினால் உள்ளே இருக்கும் தீனித் திரவம், எங்கள் பாஷையில் மீடியம், ஆடக்கூட ஆடாது, அப்படி ஒரு கை. கிள்ளானில் அப்பா சோலையப்பனுக்கு இரண்டு கடை. ஓட்டி வரச் சொந்தக் கார். இருபத்தெட்டு வயதுக்குள் பிஎச்டியும் முடியப்போகிறது. நானோ சுங்கை வே ஃபிளாட்டிலிருந்து மோட்டாரில் வந்து, பதினாறு வருஷமாக அதே ஆய்வகத்தில் செல்களுக்குத் தீனி போடுகிறவள். வருஷா வருஷம் காண்ட்ராக்ட். அந்த டிசம்பரில்தான் முதல் தடவையாக ஒரு நிரந்தர வேலை வந்தது. ஒன்றே ஒன்று. புரோஃபசர் ஜெயராஜ் எங்களைக் கூப்பிட்டு, "குமுதா, நாச்சா, ரெண்டு பேரும் அப்ளை பண்ணுங்க லா, பாப்போம்" என்றார்.

வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்.

அவள் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் உட்கரு இருக்கிறது, மரபணுக்கள் எல்லாம் அதற்குள்தான். அந்த உட்கருவின் சுவரில் ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி வாசல்கள். கொண்டோ அடுக்குமாடி வாசலில் காவலாள் தடுப்பைத் தூக்கி இறக்குகிற மாதிரி, போக்குவரத்தைப் பார்ப்பது மட்டும்தான் இவற்றின் வேலை என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். விஷயம் அதோடு முடியவில்லை. வாசலைக் கட்டியிருக்கும் புரதங்களில் ஒன்று இளம் தசைச்செல்லில் இருக்கவே இருக்காது. செல் தசையாக மாறக் கிளம்பும்போதுதான் அது வந்து வாசலில் உட்காரும். அது உட்கார்ந்தால்தான் தசைக்கு வேண்டிய மரபணுக்கள் உள்ளே விழித்துக்கொள்ளும். நாச்சாள் எலியின் இளம் தசைச்செல்களில் அந்தப் புரதம் உருவாகாதபடி தடுத்தாள். செல்கள் சாகவில்லை. ஆனால் தசையும் ஆகவில்லை.

ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரையாக எழுதி அனுப்பினாள், திரும்பி வந்தது. செல்களைத் தசையாக்க, சத்துள்ள மீடியத்தை எடுத்துவிட்டு மெலிந்த மீடியம் ஊற்றுவது எங்கள் வழக்கம். அரைப்பட்டினி போட்டால்தான் பெருகுவதை விட்டுவிட்டு மாறத் தொடங்கும். "புரதம் இல்லாததால் மாறவில்லையா, பட்டினி தாங்காமல் மாறவில்லையா?" என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அவளிடம் பதில் இல்லை. வேலை அவள் கையை விட்டுப் போய்விடும் போலிருந்தது. அன்றைக்கு மதியம் எனக்கு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு இரண்டு பொட்டலம் இறங்கியது.

அப்புறம் பிள்ளையார் நோன்பு வந்தது. இருபத்தோரு நூலிழையைத் திரியாக்கி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது செட்டியார் வீட்டு வழக்கம். அவள் குடும்பம் அதற்காகப் பினாங்கில் கூடும்.

"அக்கா, இழை எடுத்துக்கிட்டு சண்டே நைட்டு கிளம்பி வரேன்" என்றாள். "வெள்ளி சாயந்தரம் அஞ்சு மணிக்கு ரெண்டு டிஷ் போட்டுட்டுப் போறேன். ஒண்ணு சாதா, ஒண்ணு புரதம் தடுத்தது. சனிக்கிழமை வந்து ரெண்டையும் பிரிச்சு விட்ருங்க. முட்டிக்க விட்றாதீங்க, ப்ளீஸ் லா. இதுதான் கடைசி ஸ்டாக்."

செல்கள் பெருகி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால், நாம் சொல்லாமலே தாறுமாறாக மாற ஆரம்பித்துவிடும். பிறகு சோதனைக்கு ஆகாது. அதற்குள் பாதியை எடுத்து வேறு டிஷ்ஷில் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன், அரை மணி நேர வேலை.

சனிக்கிழமை காலை ஹெல்மெட்டைக் கையில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டுத் துணி துவைத்தேன். மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மீன் வாங்கும்போதுகூட, 'இந்நேரம் முட்டியிருக்கும்' என்று நினைத்துக்கொண்டேதான் வாங்கினேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போனேன். அவள் எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறாள், கையில் டப்பா.

"இழை மாவு கொண்டாந்தேன்க்கா. உங்க வேலைக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு முதல் டிஷ்ஷை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். முகம் செத்துப்போனது.

"சனிக்கிழமை வரலையா?"

"வரல."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என் வாய் கேட்டால்தானே! "மறக்கல. ஞாபகமாதான் வரல. எல்லாமே உனக்குக் கெடைக்குதுன்னு வயித்தெரிச்சல். போதுமா?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே, தூக்கி எறிவதற்கு முன்னால் பார்த்துவிடும் பழக்கத்தில், இரண்டாவது டிஷ்ஷை வைத்தாள். ரொம்ப நேரம் தலையைத் தூக்கவில்லை.

"இங்க வாங்க."

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க!" நாச்சாள் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பார்த்தேன். சாதா டிஷ்ஷில் செல்கள் நெருங்கி, தாமாகவே ஒன்று சேர்ந்து, நீள நீளமான தசை நார்களாகிக் கிடந்தன. புரதம் தடுத்த டிஷ்ஷிலும் அதே நெரிசல், ஆனால் ஒரு நார்கூட இல்லை. இரண்டுக்கும் நாங்கள் பட்டினி போடவே இல்லை. அப்படியானால் மாறாததற்குக் காரணம் பட்டினி இல்லை, புரதம் இல்லாததுதான். பத்திரிகைக்காரர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எதிரே கிடந்தது. சனிக்கிழமை நான் ஒழுங்காக வந்திருந்தால் கிடைத்திருக்காது.

நாச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். "வெள்ளி அஞ்சு மணி, திங்கள் ஏழு மணி... அறுபத்திரண்டு." நோட்டில் எழுதினாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. புதிதாகச் செல்கள் தயாரித்து, அதே அறுபத்திரண்டு மணி நேரம் விட்டு, மூன்று தடவை திரும்பச் செய்தாள். மூன்று தடவையும் அதே பதில்.

மார்ச்சில் வேலை அவளுக்குக் கிடைத்தது. ஜெயராஜிடம் அவள் என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏன் என்று நானே கேட்டேன்.

"சொன்னா உங்களை அனுப்பிடுவாங்க. உங்கள மாதிரி செல்லு வளக்க எனக்கு வேற ஆள் ஏது?" என்றாள். "ஆனா இனிமே சனிக்கிழமை நானே வந்துக்கிறேன்."

நல்லவள் என்று பெயர் வாங்குவதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள். எரியாதா எனக்கு? கட்டுரை அச்சானபோது பெயர் வரிசையில் நானும் இருந்தேன்.

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு மாணவர் மெயில் எழுதியிருக்கிறார். எங்கள் முறைப்படியே செய்கிறாராம், நன்றாக வருகிறதாம். ஒரு சந்தேகம்: செல்களைப் பிரிக்காமல் சரியாக அறுபத்திரண்டு மணி நேரம் விட்டது ஏன்? நாற்பத்தெட்டு இல்லை, எழுபத்திரண்டும் இல்லை, அது என்ன கணக்கு?

நாச்சாள் அதை எனக்குத் திருப்பி அனுப்பி, மேலே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அக்கா, இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

மூன்று நாளாகிறது. வணக்கம் என்று அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.