ஊர் சுற்றுகிறவருக்கு ஒரு கேமிங் லேப்டாப்

லேப்டாப் கடையில் விற்பனைக்கு நிற்பவருக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒன்பது மணி நேரம் சிரித்த முகத்தோடு நிற்கத் தெரிந்தால் போதும். இது தெரியாமல் நான் மூன்று வருஷம் பி.சி.ஏ. படித்துத் தொலைத்தேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கடை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லி வைத்தாற்போல ஒன்றையே கேட்பார்கள்: எல்லா கேமும் ஓடுகிற பவர்ஃபுல் லேப்டாப் வேண்டும், அடிக்கடி வெளியூர் போகிறவன், அதனால் லேசாகவும் இருக்க வேண்டும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் சக தோழர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யானை வேண்டும், ஆனால் அது பைக்கில் பின்னால் உட்கார்ந்து வர வேண்டும் என்கிற கோரிக்கை இது.

வெளியூர்ப் பயணம்

ஒரு நாள் காலை, கம்பெனிச் சட்டையோடு ஒருவர் வந்தார். நிறைய டிராவல் பண்ணுகிறவராம். பாவம், டெல்லி, பம்பாய் என்று அலைகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, எந்தெந்த ஊர் என்று கேட்டேன். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம், ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத். கம்பெனி பஸ்ஸில், வாரத்துக்கு ஆறு நாள்.

ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு பஸ் வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறதாம். அந்த நேரத்தில் விளையாடத்தான் லேப்டாப். கேமிங் லேப்டாப் முழு வேகத்தில் ஓட வேண்டுமானால் பிளக்கில் செருகியிருக்க வேண்டும், பேட்டரியில் மட்டும் ஓட்டினால் வேகமும் குறையும், ஒரு மணி நேரத்தில் சார்ஜும் போய்விடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒன்றைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பெரிய மனசோடு வழி சொன்னார்: "கம்பெனில பேசி பிளக் இருக்கற பஸ்ஸா மாத்திக்கலாம் மேடம், நீங்க லேப்டாப்ப மாத்தாதீங்க."

இரண்டு கையால் கொடுப்பது

எங்கள் கடையின் சீனியர் டில்லிபாபு. பதினெட்டு வருஷ அனுபவம். கேமிங் லேப்டாப்பை அவர் வாடிக்கையாளரிடம் கொடுக்கும் விதமே தனி. பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பார். வாங்குகிறவரும் இரண்டு கையாலும் வாங்குவதால் கனம் தெரியாது. செங்கல் மாதிரி இருக்கும் அடாப்டரை மட்டும் பில் போட்டு முடியும் வரை பெட்டியை விட்டு வெளியே எடுக்க மாட்டார்.

இந்த வித்தை ஒரே ஒருவரிடம்தான் பலிக்கவில்லை. லாரி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் அதிகாரி அந்த அம்மா. உதிரி பாகம் செய்கிறவர்களின் பட்டறைகளைச் சோதிக்க மாதத்துக்கு இரண்டு முறை விமானம் ஏறுகிறவர். கைப்பையிலிருந்து, பெட்டியைத் தொங்கவிட்டு நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றை எடுத்தார். லேப்டாப் இரண்டரை கிலோ. அடாப்டர் எங்கே என்று கேட்டார். அதையும் நிறுத்தார்; முக்கால் கிலோவுக்கு மேல் காட்டியது. அடாப்டர் லேப்டாப் கணக்கில் சேராது என்று டில்லிபாபு தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மா கோபப்படவில்லை. கொஞ்சம் திறன் குறைந்த, ஒன்றரை கிலோ லேப்டாப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது சொன்னார்: "அப்ப அந்த அடாப்டரத் தூக்கினு நீங்க கூட வந்துடுங்க சார், ஜாம்ஷெட்பூர் வரைக்கும்தான்."

ஆபீஸ் முகம்

ஏழுமலை வந்தது போன சித்திரையில். வெல்டிங் செய்கிற ரோபோக்களை ஊர் ஊராகப் போய்ப் பொருத்தி ஓடவிட்டு வருவது அவர் வேலை. வீடு இருங்காட்டுக்கோட்டையில். மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்க மாட்டார். எங்களிடம் வருகிறவர்களில், அந்தத் தராசு அம்மாவைத் தவிர, உண்மையாகவே வெளியூர் போகிற ஒரு ஆளைப் பார்த்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அவருக்கு ஒரு சிக்கல். லேப்டாப் உள்ளே புலியாக இருக்க வேண்டும், வெளியே பூனையாகத் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் கம்பெனியில் மீட்டிங்கில் திறந்து வைக்கும்போது மூடியில் டிராகன் படம் தெரிந்து, கீபோர்டில் ஏழு நிற விளக்கு எரிந்தால், ரோபோவை நம்பி எவன் ஒப்படைப்பான் என்று கேட்டார். நியாயம்தான். தேடிப் பிடித்து, சாம்பல் நிறத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக இருந்த ஒன்றை எடுத்து வைத்தேன். அடுத்தது சத்தம். டில்லிபாபுவை மேனேஜராக நினைத்துக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொல்லி, ஏழுமலை ஒரு கேமை ஓடவிட்டார். ஐந்தாவது நிமிஷத்தில் உள்ளே இருந்த ஃபேன் மாவு மில் மாதிரி கிளம்பியது. டில்லிபாபு கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தொழில் தர்மத்தோடு தீர்ப்புச் சொன்னார்: "மேனேஜருக்குக் காது கேக்காதுன்னா தாராளமா எடுத்துக்கோங்க சார்."

மெத்தை

மீட்டிங்கில் கேம் ஓட்டப் போவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அதையே வாங்கிப் போன ஏழுமலை, ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்தார். விளையாடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் அணைந்துவிடுகிறதாம். புனே பக்கம் ஒரு லாட்ஜில் தங்கல். எதன்மேல் வைத்து விளையாடுகிறீர்கள் என்று கேட்டேன். கட்டிலில், மெத்தைமேல் என்றார். அந்த அறையில் மேசையே கிடையாதாம். உருப்படியான பிளக்கும் கட்டிலுக்குப் பின்னால் ஒன்றுதானாம். அடியில் காற்றுப் போகிற ஓட்டைகளை மெத்தை அடைத்துக்கொண்டால், சூடு தாங்காமல் தானே அணைந்துவிடும், பழுது ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் முகம் தெளியவில்லை. பிறகுதான் மெதுவாகச் சொன்னார். அவருடைய மகள் யாழினி ஏழாவது படிக்கிறாள். போனில் கூப்பிட்டால் 'ம்', 'சாப்ட்டேன்', இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் அவளும், லாட்ஜில் இவரும் ஒரே கேமில் சேர்ந்து வீடு கட்டி ஆடு மேய்க்கும்போது மட்டும், ஸ்கூலில் நடந்தது, தோழியோடு சண்டை போட்டது எல்லாம் தானாக வருமாம். ஒரு நாள் அவள் எதையோ சொல்ல வந்த நேரத்தில் இவருடைய லேப்டாப் அணைந்துவிட்டது. மறுபடி அதைப் போட்டுக் கேமுக்குள் போவதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று இன்றுவரை தெரியாது. அடியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் வைத்துப் பாருங்கள் என்றேன். அந்த யோசனையோடு நிறுத்திக்கொள்ளவில்லை அவர். "லாட்ஜ்காரன்கிட்ட சொல்லி மெத்தையவே எடுத்துடறேன் மேடம். அது நல்லா இருந்தா போதும், நான் தரையில படுத்துக்கறேன்."

செல்வி

ஏழுமலையின் மனைவி செல்வி, ஒரகடத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறவர். ஒரு சனிக்கிழமை மத்தியானம், முதல் ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். புருஷன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். வீட்டைக் கெடுத்துவிட்டாய் என்று சண்டைக்கு வந்திருக்கிறார், வாங்கியதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். டில்லிபாபு அவசர வேலையாகக் குடோனுக்குப் போய்விட்டார்.

நானே முந்திக்கொண்டு, கேமிங் லேப்டாப்பில் கேமைத் தடுத்து வைக்கும் வழிகளை விளக்க ஆரம்பித்தேன். செல்வி கடைசி வரை கேட்டார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதெல்லாம் வேணாம்மா. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கினு கீறாங்க, நான் ஒருத்திதான் வூட்ல டிவியப் பாத்துக்கினு கீறேன். எனக்கும் அதே மாதிரி ஒண்ணு குடு."

சாப்பாடு

செல்விக்கு ஓரளவு கேம் ஓடுகிற லேப்டாப் ஒன்றைக் கொடுத்தேன். உள்ளே நுழைவது எப்படி என்று யாழினியே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாளாம். இந்தக் கார்த்திகையில் ஏழுமலைக்கு ஒரகடத்திலேயே ஆறு மாத வேலை கிடைத்தது. கல்யாணமான புதிதுக்கு அப்புறம் இத்தனை நாள் சேர்ந்தாற்போல் அவர் வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை.

போன வாரம் மூவரும் கடைக்கு வந்தார்கள். ஹெட்போன் மூன்று வேண்டுமாம். இனி எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாமே, எதற்கு என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். விற்பனையாளர் கேட்கக் கூடாத கேள்வி. ஏழுமலை ஒரு ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். யாழினி சிரித்தாள். செல்விதான் பதில் சொன்னார்: "அப்பா ஹால்ல, பொண்ணு ரூம்ல, நான் கிச்சன்ல. கேமுக்குள்ள போய் சோறு ஆறுதுன்னு சொன்னாத்தாம்மா ரெண்டும் எழுந்து வருது."

இப்போதெல்லாம் ஊர் சுற்றுகிறவருக்கு எந்த லேப்டாப் நல்லது என்று யாராவது கேட்டால், கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டுவிடுகிறேன்.