யாரும் ஆசைப்படாத எண்

எண்பதுகளின் கடைசியில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மலேசியாவின் ஜொகூருக்கு லாரியில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கிடங்கு உட்லண்ட்ஸில் இருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முதலாளி நாள் முழுக்கத் தொலைபேசியில் கத்துவார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பிறகு, இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்களையும் இணைக்க ரூட்டர் என்ற பெட்டி இரண்டு வாங்கினார். அவற்றுக்காகத்தான் என்னையும் எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை நான் தொழுகைக்குக் கிளம்புறதுக்குள்ள உட்லண்ட்ஸ் ஸ்டாக் இந்த ஸ்கிரீன்ல தெரியணும் தம்பி. தெரிஞ்சா வேலை கன்ஃபர்ம். இல்லன்னா வேற இடம் பாத்துக்க."

கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி, கம்பியின் இரு முனைகளுக்கும் ஆளுக்கொரு முகவரி கொடுக்க வேண்டும். முகவரி என்றால் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன். கார் நம்பர் கேட்பதுபோல ஆளாளுக்கு வந்துவிட்டார்கள். கணக்கு பார்க்கும் சீன அக்காவின் கம்ப்யூட்டருக்கு நாலு கூடவே கூடாது, சீனத்தில் சாவு மாதிரி ஒலிக்குமாம்; எட்டு வேண்டும். பக்கத்து மேசை அண்ணனுக்கு எட்டு ஆகாது, சனியாம். எண் என்றால் எண், இதில் நல்லதென்ன கெட்டதென்ன என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

முதலாளி தன் முனைக்கு 786 கேட்டார். இறைவன் பெயரால் தொடங்குவதைக் குறிக்கும் எண் என்று கடைப் பலகையிலும் போட்டிருந்தார்.

"இருநூத்தி அம்பத்தஞ்சுக்கு மேல எடுக்காது முதலாளி."

"ஒருதடவ போட்டுத்தான் பாரேன்."

போட்டேன். பெட்டி முறைத்தது. கடைசி இரண்டு எண்களையும் 7, 86 என்று பிரித்துப் போட்டதும் வாங்கிக்கொண்டது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். எனக்கு ஒரு பரோட்டா வந்தது. உட்லண்ட்ஸ் முனைக்கு 7, 87. வியாழக்கிழமை மாலை சோதித்தபோது ஐந்து ஆச்சரியக்குறிகள் வந்தன. அந்தப் பக்கம் பதில் சொல்கிறது என்று பொருள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து புள்ளிகள் வந்தன. பதிலே இல்லை. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் முதலாளியின் மச்சானுக்கு போன் போட்டேன். அவசரத்துக்கு உதவட்டும் என்று அவருக்கும் அந்தக் கட்டளைகளைச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"நான்தான் மாத்துனேன் தம்பி. மச்சான் 786 வச்சிருக்காங்க, எனக்கு மட்டும் என்ன 787? நானும் அதையே போட்டுட்டேன் லா."

இரண்டு முனைக்கும் ஒரே முகவரி இருந்தால் எதுவும் ஓடாது என்று முதலாளியிடம் சொன்னேன். அவரைப் பழையபடி மாற்றச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"அவன்கிட்ட 786-ஐ எடுன்னு சொன்னா, அவன் அக்கா எனக்குச் சோறு போட மாட்டா. என்னோடத மாத்து."

"எந்த நம்பர் போடட்டும்?"

"அவன் திரும்பவும் பாத்து ஆசைப்படக் கூடாது. யாருமே ஆசைப்படாத நம்பரா போடு."

நாலு என்று வாயெடுத்தேன். சீன அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். மிச்சம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு எண் கொடுத்தபோது, பன்னிரண்டுக்கு அடுத்து பதினான்கு என்று யாருக்கும் தெரியாமல் தாண்டியிருந்தேன்.

"பதிமூணு," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அதுல என்ன இருக்கு? போடு."

அதுவும் வெள்ளிக்கிழமை. ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிறவனை ஆண்டவர் இப்படியா சோதிப்பார் என்று நொந்துகொண்டே, 7, 13 என்று அடித்தேன். சோதனைக் கட்டளையைக் கொடுத்தேன். ஐந்து ஆச்சரியக்குறிகள் வரிசையாக வந்தன. கொஞ்ச நேரத்தில் உட்லண்ட்ஸ் சரக்கு முழுவதும் திரையில் இறங்கியது.

முதலாளி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வேலை கன்ஃபர்ம். ஏன் தம்பி இப்படி வேர்க்குது?"

"ஏர்கான் பத்தல முதலாளி," என்றேன். மேசைக்கு அடியில் விரல்களைச் சிலுவையாகப் பின்னி வைத்திருந்த இடது கையை அவர் படியிறங்கிய பிறகுதான் வெளியே எடுத்தேன்.