பொய்த் தாலி

மாமாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனேன். பச்சை மஞ்சள் வாசனை பட்டதும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மனசு இடித்துப்போட்ட தோ பாயோ அடுக்குமாடி பிளாக்குக்கே ஓடியது. மாமாவும் ராசம்மா அத்தையும் அங்கே பக்கத்து வீடு. தங்கள் வயதான காலத்தில் என்னை வளர்த்தவர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அத்தை தாலிக்கயிற்றில் மஞ்சள் தேய்ப்பதும், காரிடாரெல்லாம் அது மணப்பதும், "பொய்த் தாலிக்கு எவ்வளவு மஞ்சள் லா" என்று மாமா சீண்டுவதும் நடக்கும்.

ஜப்பான்காரன் காலத்தில், கல்யாணமாகாத பெண்களைத் தூக்கிப்போகும் சிப்பாய்களுக்குப் பயந்து, வேறு சாதிக்காரரான மாமாவை அத்தையின் அப்பா கெஞ்சிக் கட்டவைத்த தாலி அது. சண்டை முடியும்வரைக்கும்தான் என்று பேச்சு.

சாமானோடு அத்தை வீட்டுக்குத் திரும்பி வந்தபோது உறவுக்காரர்கள் அத்தையைச் சுற்றி நின்று, "கழட்டிடுங்க அத்தை" என்றார்கள்.

அத்தை கயிற்றைக் கையால் மூடிக்கொண்டார்.

"சண்டை முடிஞ்சன்னைக்கு எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு."