குப்புராஜின் சைடு வீல் வண்டி

முடிச்சூரில் குப்புராஜ் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. சைடு வீல் வண்டிக்காரர் என்றால் பால் பூத்தில் நிற்பவர்கூட வீட்டுக்கு வழி சொல்வார். இரண்டு வயதில் வந்த போலியோ இடது காலை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அவர் போன இடமெல்லாம் ஏதாவது ஒன்றின் மேல் உட்கார்ந்துதான் போனார். பள்ளிக்கு அண்ணனின் சைக்கிள் கேரியர். ஐ.டி.ஐ.க்குக் கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டி. முப்பத்தைந்து வயதிலிருந்து, பின்சக்கரத்துக்கு இரு புறமும் சின்னச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்.

அந்த ஸ்கூட்டரில்தான் பதினெட்டு வருடம் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குப் போய்வந்தார். அங்கே நசீருதீன் பாயின் லேத் பட்டறையில், கடைந்து வரும் உருப்படிகளை அளந்து, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததை ஒரு தட்டிலும் போடுவது அவர் வேலை. ஒன்றை நல்லது என்று சொல்ல அவர் நேரம் எடுத்துக்கொள்வார். அவர் சொல்லிவிட்டால் பாய் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த மரியாதை பெரும்பாலும் அந்த ஒரு மேஜையில் கிடைத்ததுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வண்டியை மாடிப்படிக்குக் கீழே தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அந்த டிசம்பரிலேயே வெள்ளம் வந்தது. முடிச்சூருக்கு வெள்ளம் புதிதல்ல. மனைவி அம்மணியும், மாடியில் குடியிருக்கும் ஜான்சி வீட்டு ஆட்களும் குப்புராஜைப் படுக்கையோடு தூக்கி மேலே கொண்டுபோனார்கள். மேலே போய்ப் படுத்ததும் அவர் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, வண்டி என்ன ஆயிற்று என்பது. நாலு பேர் சேர்ந்து எதிர்வீட்டு மேட்டில் ஏற்றிவிட்டோம், டயர்கூட நனையவில்லை என்றாள் அம்மணி.

போன வெள்ளிக்கிழமை நசீருதீன் பாய் போன் செய்தார். அளவு பார்க்கிற ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டானாம். திங்கட்கிழமை காலை வாடிக்கைக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். மேஜையில் ஆள் இல்லாமல் முடியாது. அண்ணன் வருவதென்றால் இடம் அண்ணனுக்குத்தான், இல்லையென்றால் டிப்ளமோ முடித்த ஒரு பெண் காத்திருக்கிறாள், அவளைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். குப்புராஜ் யோசிக்காமல் வருகிறேன் என்றார். போக இரண்டு பஸ் மாற வேண்டும், இறங்கிய பிறகு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஊன்றுகோலில் அது ஆகாது. வண்டி ஓடினால் வேலை உண்டு. ஓடாவிட்டால் இல்லை.

"பாய்கிட்ட ஒரு பத்து நாள் டைம் கேளேன்" என்றாள் அம்மணி. அவர் சிரித்தார். அவரைப் பொறுத்தவரை வண்டி தயாராகத்தான் இருந்தது. இரண்டு வருடமாகத் தினமும் காலையில் படுக்கையில் கிடந்தபடியே அதைக் கிளப்பி, வெளிவட்டச் சாலை ஏறிப் போய்வந்துகொண்டிருந்தார். நடக்க முடிந்த பிறகும் தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்ததோடு சரி, விலக்கிப் பார்க்கவில்லை. செய்து பார்க்காத வரையில் எந்தக் காரியமும் தோற்பதில்லை. இந்த வசதியை மனிதன் அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுவதில்லை.

சனிக்கிழமை காலை பெருங்களத்தூரிலிருந்து மெக்கானிக் பிரிட்டோ வந்தான். தார்ப்பாயை இழுத்துப் போட்டு ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"இன்னாண்ணா, வண்டிக்கு இப்புடி முக்காடு போட்டு வெச்சிகினுகீறீங்க. கல்யாணப் பொண்ணா இது?"

வண்டி மேலுக்குப் பளிச்சென்று இருந்தது. குப்புராஜுக்கு அதுவே தெம்பாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பேட்டரி செத்திருந்தது, அது எதிர்பார்த்ததுதான். வேறு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்ததும் செல்ஃப் மோட்டார் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. டேங்கைத் திறந்து முகர்ந்த பிரிட்டோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பெட்ரோலாண்ணா இது? கஷாயம்."

அதை வடித்துக் கொட்டிப் புது பெட்ரோல் ஊற்றினான். கார்பரேட்டரைக் கழற்றி, ஊசித் துளையில் பச்சைப் பிசினாக அடைத்திருந்ததைக் கம்பியால் குத்தி ஊதினான். புது பிளக் போட்டான். இன்ஜின் மேல் வைத்துப் பார்த்தபோது பிளக்கில் நீலப் பொறி தெறித்தது. குப்புராஜ் ஒவ்வொன்றையும் தன் பட்டறைத் தட்டுகளில் போடுவதுபோல மனதுக்குள் பிரித்து வைத்துக்கொண்டே வந்தார். பெட்ரோல் சரி, பொறி சரி, காற்று வழி ஒன்றுதான் பாக்கி. அம்மணி வாசற்படியிலேயே நின்றாள். யார் வந்தாலும் முதலில் டீ போடுகிறவள், அன்று உள்ளே போகவே இல்லை.

பிரிட்டோ நாற்பது முறையாவது உதைத்திருப்பான். கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியது. பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் கட்டைவிரலை வைத்து மறுபடி உதைத்தான். விரலைத் தள்ளும் காற்றில்லை. உள்ளே அழுத்தம் சேரவில்லை என்று அர்த்தம். துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் ஊற்றி, பிளக்கை மாட்டி, ஒரே மூச்சாக உதைத்தான்.

வண்டி இருமியது. இரண்டு முறை, அடுத்தடுத்து. பின்னால் வெள்ளைப் புகை வந்தது. குப்புராஜ் ஊன்றுகோலை எடுக்காமலே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. எத்தனை உதைத்தும் அது மறுபடி இருமவில்லை. சைலன்சர் வாயிலிருந்து துருத் தண்ணீர் மட்டும் சொட்டு சொட்டாக விழுந்தது.

பிரிட்டோ அதை விரலில் தொட்டுப் பார்த்தான். பிறகு அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றி இன்ஜின் ஆயிலை ஒரு தகர டப்பாவில் இறக்கினான். கறுப்பாக வர வேண்டிய ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் கொழகொழவென்று வந்தது. எழுந்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு விரற்கடை உயரத்துக்கு வண்டல் படிந்து, காய்ந்து, ஏரி வெடிப்பதுபோல வெடித்திருந்தது.

"அண்ணா, இது முழுகுன வண்டி. சீட்டு வரைக்கும் தண்ணி நின்னிருக்கு. யாரும் சொல்லலியா?"

குப்புராஜ் அம்மணியைப் பார்த்தார்.

அவள் மறைக்கவில்லை. மேட்டில் ஏற்ற ஆள் கிடைக்கவில்லை. ஒன்றரை நாள் வண்டி தண்ணீருக்குள் கிடந்தது. வெள்ளம் வடிந்ததும் அவர் மாடியில் படுத்திருந்த நாலு நாளில், தனியாகப் பதினைந்து பக்கெட் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவினாள். மூன்று நாள் வெயிலில் நிறுத்திக் காயவைத்துத் தார்ப்பாய் போட்டாள். அந்த வெள்ளத்தில் மிக்ஸியும்தான் முழுகியது. மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்துப் போட்டபோது ஓடியது, இன்றும் ஓடுகிறது. வண்டியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

"காஞ்சா சரியாப்பூடும்னு நெனச்சேன்யா" என்றாள்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் ஆயிலை மாற்றி, பிளக் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தால் போதும், வண்டி பிழைத்திருக்கும் என்றான் பிரிட்டோ. இப்போது ரிங், வால்வு, சிலிண்டர் எல்லாம் துரு. இந்த மாடலுக்குப் பழைய சாமான் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்ஜினை இறக்கினால் ஒரு மாதம். அப்புறமும் ஓடும் என்று தன்னால் சொல்ல முடியாது. சொல்லிவிட்டு, கை கழுவப் போகிறவன்போலத் தெருக் குழாய்ப் பக்கம் நகர்ந்தான்.

"ஏன் சொல்லல?" என்று குப்புராஜ் கேட்டார். குரல் உயரவில்லை.

"சொல்லிருந்தா நீ எந்திரிச்சி நடந்திருப்பியா?"

அந்த டிசம்பரில் அவர் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். சோறு இறங்கவில்லை. நடைப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். கீழே வண்டி இருக்கிறது, நீ ஏறினால் போதும் என்று அம்மணி தினமும் சொல்லிச் சொல்லித்தான் முதலில் உட்கார்ந்தார், பிறகு நின்றார், பிறகு மாடிப்படி வரை நடந்தார். அதைப் புகழத் தகுந்த பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவரை எழுப்பி நிறுத்தியது அதுதான். இன்ஜினைத் தின்றதும் அதுதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க முடியுமா என்று அவர் யோசித்துப் பார்த்தார். எந்தத் தட்டிலும் அது தங்கவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு பாய்க்குப் போன் செய்தார். வண்டி கிளம்பவில்லை என்று சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை. எப்போது சரியாகும் என்று பாய் கேட்டார். ஒரு மாதம் ஆகும் என்றாலும், திங்கட்கிழமை ஆய்வுக்கு யாரையாவது உட்காரவைத்து அதுவரை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம், ஆனால் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றார். குப்புராஜ் தகர டப்பாவில் இருந்த ஆயிலைப் பார்த்தார். பதினெட்டு வருடம் சந்தேகத்துக்கிடமான எதையும் அவர் தேறிய தட்டில் போட்டதில்லை.

"இல்ல பாய். இது ஓடாது. நீங்க வேற ஆள் பாத்துக்கங்க."

"சரிண்ணே, உடம்பப் பாத்துக்கங்க" என்றார் பாய். லைன் துண்டாவதற்குள், பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் அவர் பக்கத்தில் யாரிடமோ, அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுத் திங்கட்கிழமை எட்டரைக்கு வரச் சொல் என்று சொல்வது தெளிவாகக் கேட்டது.

பாய் என்ன சொன்னார் என்று அம்மணி கேட்டாள்.

"உடம்பப் பாத்துக்கச் சொன்னாரு" என்றார் குப்புராஜ்.