கோட்டு மாட்டுகிற தியேட்டர்

அதிபர் மாளிகையில் லூஷியஸ் படம் ஓட்டுகிறவர். நான் விருந்தாளிகளின் கோட்டுகளை வாங்கி மாட்டுகிறவன். இரண்டுக்கும் ஒரே அறை. படம் இருந்தால் அது தியேட்டர், விருந்து வந்தால் கோட்டறை. எந்த மகராசன் யோசனையோ, நாசமாய்ப் போக!

லூஷியஸின் மனைவி வெர்டெல் அக்கா எங்கள் சர்ச்சில் பாடுகிறவர். அவர் குமரியாக இருந்தபோது வாஷிங்டனின் பெரிய தியேட்டர்களில் கறுப்பர்களுக்கு டிக்கெட் கிடையாது. பிற்பாடு கொடுத்தார்கள், அவர் போகவில்லை. "என் புருஷன் அதிபருக்கே படம் காட்டுறாரு. பாத்தா அங்கதான், முன் வரிசையில உக்காந்து பாப்பேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

மாளிகை வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவரின் குடும்பத்துக்கு அங்கே ஒரு படம் போடுவது வழக்கம். லூஷியஸின் முறை வந்தது. முதல் தடவை யாரோ மந்திரி வந்தார், ரத்து. அடுத்த தடவை அதிபரின் மருமகனுக்கு நண்பர்களோடு படம் பார்க்க ஆசை வந்தது, ரத்து. கடைசியில் அக்டோபரில் ஒரு மதியம் கிடைத்தது. விருந்து தோட்டத்தில், அறை காலி.

அக்கா ஈஸ்டருக்கு மட்டும் எடுக்கும் ஊதாத் தொப்பியோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். லூஷியஸ் விளக்கை அணைத்தார். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கிய நேரம் பார்த்து மழை கொட்டியது.

"மன்னிச்சிருங்கக்கா, எல்லாரும் உள்ள வர்றாங்க" என்று கோட்டு ஸ்டாண்டுகளை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். அக்கா எழுந்து ஓரமாக நின்றார். உள்ளே வந்த ஒரு சீமாட்டி, நனைந்த கோட்டைக் கழற்றி அவர் கையில் திணித்தாள்.

"தரையில படாம மாட்டும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லூஷியஸ் படம் ஓட்டுகிற அறையிலிருந்து ஓடிவந்தார். "அம்மா, அவ என்னோட..."

அக்கா பார்த்த பார்வையில் அவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அவர் ஓய்வுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அக்கா கோட்டை ஒழுங்காக மாட்டிவிட்டு, "எலீஷா, இவங்களுக்கு ஒரு டோக்கன் குடு" என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் லூஷியஸ் கெஞ்சினார்.

"நாளைக்கு அறை காலி, வெர்டெல். விருந்தே கிடையாது. வா."



"அன்னைக்கு நல்ல தொப்பியத்தானே போட்டுட்டு வந்தேன், லூஷியஸ்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.