ஜன்னல் வழியே ஏறிய மகள்

கோவையில் இருக்கும் மகள் போனிலேயே எனக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். ஏசி பஸ், ஜன்னல் சீட். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்ததும் நான் செய்த முதல் காரியம், ஜன்னலைத் திறக்கக் கொக்கி எங்கே என்று தடவியதுதான். பக்கத்து சீட்டுத் தம்பி, "அது தொறக்காதும்மா" என்றான். நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை. பைக்குள் கையை விட்டால் ஒரு எலுமிச்சம்பழம் அகப்பட்டது. பழக்கதோஷத்தில் எடுத்துப் போட்டிருக்கிறேன். பஸ் ஏறினாலே வாந்தி எடுத்த என் மகனுக்காக ஏற்பட்ட பழக்கம். அவன் இப்போது கப்பலில் வேலை பார்க்கிறான் என்றால் நம்புவீர்களா?

பழத்தை நகத்தால் கீறி முகர்ந்தேன். அவ்வளவுதான், வில்லாபுரத்து வாடகை வீடு வந்துவிட்டது.

அப்போது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. உசிலம்பட்டிப் பக்கம் என் அண்ணன் வீடு. மாதம் ஒருமுறையாவது போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மகனுக்கோ ஜன்னலோரக் காற்று முகத்தில் படாவிட்டால் தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். பிள்ளைகள் வளரட்டும், அதுவரை ஏன் அலைந்து சீரழிகிறாய் என்பார் என் வீட்டுக்காரர். சிம்மக்கல்லில் மொத்தக் கடையில் வேலை. லீவு கேட்கவே கூச்சப்படுகிற மனுஷன். பிள்ளைகள் வளர்கிற வரைக்கும் நான் பிறந்த வீட்டை மறந்துவிட்டா இருப்பேன்? போவேன், உட்கார்ந்துதான் போவேன், வழியில் என் கை இட்லியைத்தான் பிள்ளைகள் தின்னும். இதுதான் என் வைராக்கியம்.

விடியும் முன்னே இட்லி அவித்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவித் தூக்குவாளியில் அடுக்குவேன். அந்த வாசம் டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம் வரைக்கும் கூடவே வரும். பக்கத்தில் நிற்கிறவர்கள் எச்சில் விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

ஆரப்பாளையத்தில் சீட்டுப் பிடிக்க ஆண்கள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்கள். துண்டுக்கு வாய் கிடையாது, எவனும் எடுத்து எறிந்துவிடலாம். அதனால் எங்களைப் போன்ற பொம்பளைகள் பிள்ளையையே போடுவோம். உள்ளே இருக்கிற யாராவது "குடு தாயி" என்று கையை நீட்டுவார்கள். யார், எந்த ஊர் என்று யார் கேட்டது?

ஒரு முகூர்த்த நாள். ஸ்டாண்டில் எள் போட்டால் எள் விழாது. பஸ் நிற்பதற்குள் தொற்றி ஏறி இடம் பிடித்திருந்த ஒரு அம்மா, கையை நீட்டி என் மகளை வாங்கித் தனக்கு முன்னால் காலியாக இருந்த சீட்டில் இறக்கினாள். தூக்குவாளியும் பின்னாலேயே போயிற்று. "யாரு என்ன சொன்னாலும் எந்திரிச்சிராத. அம்மா வாரேன்" என்றேன் மகளிடம்.

சொன்னேனே தவிர, ஏற முடியவில்லை. இடுப்பில் மகன், தோளில் பை, படியிலோ ஒரு கல்யாண வீடே தொங்குகிறது. பஸ் புறப்பட்டுவிட்டது. செருப்பை உதறிவிட்டு ஓடினேன். கத்தினேன் என்றும் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

ஸ்டாண்டு வாசலில் விசில் கேட்டு பஸ் நின்றது. முண்டி ஏறிப் பார்த்தால், மகள் மூன்று பேர் சீட்டில் காலை நீட்டிப் படுத்துக் கிடக்கிறாள். ஒரு கை கம்பியில், ஒரு கை தூக்குவாளியில். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பஸ் நின்றதுமே இறக்கி என்னிடம் கொடுத்துவிடலாம் என்று கண்டக்டர் தூக்கப் பார்த்தாராம். "எங்கம்மா எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு" என்று இவள் பிடியை விடவில்லையாம். பெற்றவள் பின்னால் ஓடி வருகிறாள், நிறுத்து என்று சண்டை போட்டு விசில் அடிக்க வைத்தது பின் சீட்டு அம்மாதான். அவள் கை அப்போதும் என் மகளின் கவுன் நுனியைப் பிடித்தபடியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவளையும் எங்களோடு முன்னால் உட்கார வைத்துக்கொண்டேன். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய ஜன்னலோரத்தில் இருந்த என் செல்வப்புத்திரன், செக்கானூரணி தாண்டியதும் வெளிப்பக்கம் குனியாமல் உள்பக்கம் திரும்பி அவள் மடியிலேயே வாந்தி எடுத்தான். பச்சைப்பிள்ளைதானே என்று முந்தானையால் துடைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை என்னிடம் வாங்கி அவன் மூக்கில் வைத்தாள். இட்லி கொடுத்தேன். "பொடியில பூண்டு தூக்கல்" என்று குறை சொல்லிக்கொண்டே தின்றாள். பெயர் கேட்கவில்லை.

அடுத்த மாதமும் போனேன். மகளை ஜன்னல் வழியாகத்தான் ஏற்றினேன்.

இந்த ஏசி பஸ்ஸின் கீழே இப்போது ஒரு பெண் நின்றாள். இடுப்பில் பிள்ளை, தோளில் பெரிய பை, கையில் போன். நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தாள். என் இரண்டு கையும் தானாக நீண்டு கண்ணாடியில் இடித்தன. நான் விடுகிற ஆளா? எழுந்து வாசலுக்கே போய், படியில் தடுமாறியவளிடம் "குடு தாயி" என்றேன்.

அவள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "பரவால்ல ஆன்ட்டி, நானே ஏறிக்கிறேன்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தெரியாத ஆளிடம் பேத்தியைக் கொடுக்காதே என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனாலும் நீட்டிய கையை மடக்கவில்லை.

பையை மட்டும் கொடுத்தாள்.